சாத்துக்குடியோடு வருகிறவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே நர்ஸ் அக்கா சொன்னார்: "சாத்துக்குடி, ஆரஞ்சு, எளநி எதுவும் குடுக்காத. பொட்டாசியம் ஏறுச்சின்னா நெஞ்சே நின்னுடும்மா. சோத்துல நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிக்கலாம். அவ்ளோதான்."

தலையாட்டினேன். அம்மா கம்பெனிக்குப் போனால் அப்பாவோடு நான்தான். அதற்குத்தானே பத்தாவதோடு நின்றேன்.

மார்ச் 6, வியாழன்

ஞானம்மா அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி, பை நிறைய சாத்துக்குடியோடு.

"ஆந்திராப் பழம்டி, சாறு அப்டியே ஊத்தும். ஒடம்புக்குக் குளிர்ச்சி. தம்பிக்குப் பிழிஞ்சி குடு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாடி நிக்கிற? வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

அவரே பிழிந்தார். அப்பா என்னைப் பார்க்காமல் குடித்தார். அவருக்கும் தெரியும். ஆனால் தாகம். தண்ணீரைக்கூட அளந்துதான் தருகிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவோடு இரும்பு கம்பெனியில் வேலை செய்த ஸ்டீபன் மாமா கமலா ஆரஞ்சு கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு நந்தினி அக்கா ஒரு பம்பளிமாஸ்.

"இதுல விட்டமின் சி ஜாஸ்தி. சளியே அண்டாது" என்றார் அக்கா.

மாமா விடவில்லை. "கமலா முன்னாடி அது நிக்குமா? இது ரத்தத்தையே சுத்தம் பண்ணும்."

"அப்போ எனக்கு மெஷினே வேணான்னு சொல்லு" என்று அப்பா சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் சிரித்து. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? நல்ல பழம்தான். எல்லாருக்கும் நல்லதுதான். அப்பாவுக்கு மட்டும் —

சுளை சுளையாக உரித்துக் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

கால் மரத்துப்போச்சுன்னார். அப்புறம் எழுந்திருக்கவே முடியல. தூக்கித்தான் ஆட்டோவுல ஏத்தினோம். நான் ஏன் சொல்லல? ஒரு வார்த்தைதானே. ஏன் சொல்லல?

மார்ச் 13

பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று டாக்டர் அம்மாவிடம் ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

அத்தை மறுபடியும் பையோடு வந்தார். வாசலை மறித்து நின்றேன்.

"பழம் வேணாம் அத்த. அப்பாக்கு ஆகாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. அத்தை பையைக் கீழே வைக்கவில்லை. "செரிடி" என்றார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

யாரும் வரவில்லை.

ஏப்ரல் 8

கடைத்தெருவில் ஸ்டீபன் மாமாவைப் பார்த்தேன்.

"வரணும்னுதாம்மா நெனச்சிக்கினே கீறேன். ஒடம்பு முடியாதவங்க ஊட்டுக்கு வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்? இன்னா எடுத்துனு வர்றதுன்னே தெரில."

சும்மா வாங்க மாமா. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வந்தது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருப்பதாகப் போன வாரம் சொன்னார்கள். அம்மா அழுதுவிட்டார்.

இன்று அப்பா காலையிலேயே ஷேவ் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை கேட்டார். "சர்ச் முடிஞ்சி நேரா இங்கதான் வருவாங்க" என்று நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட அழைத்தேன். "இரு, வரட்டும்" என்றார்.

சாயங்காலம் அவரே எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கசங்கவே இல்லை.