பாவாயியின் நான்கு முன்பற்கள்

மாசி 9, திங்கள்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பல் சுரண்டிகள் ஐந்தும் வெந்நீரில். ஸ்பிரிட் விளக்குக்குப் புதுத் திரி. ஆள்காட்டி விரலில் இரண்டு வெட்டு, இரண்டும் என் கைவரிசை.

பதினெட்டு வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தொண்டை போய்விட்டது; கிசுகிசுப்புதான் மிச்சம், பள்ளி வேலையும் போனது. நாற்பத்தொரு வயதில் பல் சுரண்டக் கற்கிறேன். பெண்கள் ஆண்பிள்ளை டாக்டரிடம் வாயைத் திறப்பதில்லை, அதனால்தான் டா. (பல் டாக்டர்) என்னைச் சேர்த்துக்கொண்டார். பங்குனி முடியும் வரை பார்ப்பாராம். தேறாவிட்டால் ஆத்தூரில் அண்ணன் வீடு, அண்ணியின் அடுப்படி, சாகும்வரை.

இன்று பூக்கடை அம்மாளுக்குப் பல்லில் படிந்த வெற்றிலைக் காரை எடுத்தேன். கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. "ஐயோ, பல்லே போச்சே!" என்று கத்தினாள். டா. ஓடி வந்தார். காரைதான் என்று கண்ட பிறகும் அவர் முகம் சரியாகவில்லை.

மாசி 11, புதன்

ஓமலூர்ப் பக்கத்துக் கவுண்டர் ஒருவர், மகளோடு. பாவாயி, வயது பத்தொன்பது. முன்பல் நான்கிலும் பழுப்புப் பட்டை.

"திருட்டுத்தனமாப் பாக்குத் திங்கறாளுங்கம்மா. கேட்டா இல்லைங்கறா. பல்லைப் பாத்துட்டு ரெண்டு எடம் தட்டிப்போச்சுங்க. பங்குனியில இன்னொரு எடத்துல இருந்து பாக்க வாராங்க. அதுக்குள்ள வெளுப்பாக்கிக் குடுத்துருங்க சாமி."

பெண் தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

டா.: "பாக்குக் கறைதானே. நீங்களே பாருங்க. இதையே உங்களுக்குப் பரீட்சைன்னு வெச்சுக்குவோம்."

ஒரு மணி நேரம் சுரண்டினேன். கறை அசையவில்லை. ஈறில் ரத்தம். புதன்தோறும் வரச் சொன்னேன்.

மாசி 18, புதன்

மறுபடியும் பாவாயி. பல்பொடி, படிகாரத் தண்ணீர், பெரிய சுரண்டி. கண்ணில் நீர் வழிந்தது, வாயை மூடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

டா. அவள் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "கால் மணி நேர வேலை இது. உங்க கையில பலம் இல்லை."

கொப்புளிக்கும்போது அவள் மெல்லச் சொன்னாள்: "நான் பாக்கே தின்னதில்லீங்கம்மா."

நம்பவில்லை. பள்ளியில் எத்தனை 'இல்லை' கேட்டிருக்கிறேன்.

வாசலில் தகப்பன் குரல்: "இன்னும் திங்கறயா புள்ள?" ஓர் அறை விழுந்த சத்தம். என் கைக்குப் பலம் இல்லாததற்கு அவள் கன்னத்தில் அடி.

மாசி 21, சனி

வாங்க வேண்டியது: படிகாரம், பஞ்சு, தொண்டைக்கு அதிமதுரம்.

அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். 'பங்குனிக் கடைசியில் வந்துவிடுகிறேன்.' தபாலில் சேர்க்கக் கை வரவில்லை. இரவு சோறு இறங்கவில்லை. செத்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

மாசி 25, புதன்

பாவாயி வரவில்லை, காய்ச்சலாம். அவள் அத்தை கடைவாய்ப்பல் பிடுங்க வந்தாள். அத்தையின் பல்லிலும் அதே பழுப்பு.

"எங்க ஊருல பொறந்த அத்தனை பேருக்கும் இப்படித்தானுங்க. வெத்தல போடறோமே, அதனாலன்னு இருந்தமுங்க. எங்கண்ணி, பாவாயியோட ஆத்தா, ராசிபுரத்துக்காரி. அவளும் போடறா. தேச்சா வெளுத்துருது. எங்களுக்குப் போறதில்லீங்க."

அப்படியானால் இது மேலே படிந்த கறைதானா? டா. பிடுங்கிப்போட்ட பல்லை எடுத்து அரத்தால் ராவினேன். ராவ ராவ உள்ளேயும் பழுப்பு. டா.விடம் நீட்டினேன். அவரும் ராவினார்.

"பல்லு வளரும்போதே வந்த கறை, அந்த ஊர்த் தண்ணியோ என்னமோ. உங்க மேல தப்பில்லை. பங்குனி வரைக்கும் என்ன, நீங்க இங்கேயே இருங்க."

கடிதத்தைக் கிழித்தேன். இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் பாவாயி ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

பங்குனி 2, புதன்

காற்றே இல்லை. கவுண்டரும் பாவாயியும். கறை போகாது என்று சொன்னேன்.

பாவாயி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நான் பாக்குத் திங்கலைன்னு எங்கப்பங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

சொன்னேன். குரல் கரகரவென்று வந்தது. பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு உரக்கப் பேசியதில்லை. "உங்க மக பாக்குத் தின்னதே இல்லைங்க. இது பொறந்த ஊரோட கறை."

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். மகள் தலையில் கை வைத்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி: "வெளிய சொல்லிராதீங்கம்மா. பாக்குத் திங்கறான்னா, கட்டிக்கிட்டுப் போனா பழக்கத்தை உட்ருவா, கறையும் போயிரும்னு சொல்லிக்கலாமுங்க. போகவே போகாதுன்னா யாருங்க கட்டுவாங்க?"

நான் பாவாயியைப் பார்த்தேன்.

பாவாயிதான் பேசினாள். "செரிங்கப்பா. தின்னேன்னே சொல்லிக்கறேன்."

டா. கூப்பிட்டார், அடுத்த ஆள். சுரண்டிகளை வெந்நீரில் போட்டேன்.