இடது சிறகை அறுக்க வேண்டாம் என்பது குறித்து

அனுப்புநர்
வீ. வேணி, எம்.ஏ.,
த/பெ. வீரமலை,
பாய்க்காரத் தெரு, உறையூர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: ஸ்ரீரங்கம், பூந்தோப்புத் தெரு அரசு மேல்நிலைப்பள்ளி – வழிபாட்டுக் கூடத்தில் தொங்கும் அட்டைப் பருந்து – இடது சிறகை அறுத்துக் குறைக்க ஏற்பாடு – மறுத்த பகுதிநேர ஓவிய ஆசிரியைக்குக் குறிப்பாணை – இரண்டையும் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தலைமையாசிரியர் அவர்களிடம் நான் நேரில் அளித்த விண்ணப்பம் (வாய்மொழியாக மறுக்கப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி பள்ளியின் முன்னாள் மாணவி. பொருளில் கண்ட பருந்தை, பத்தாண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு ஓவிய வகுப்பில் செய்தவர்களில் ஒருத்தி. முழுக்க அட்டை. வால் நான் செய்தது.

2. அடுத்த மாதம் பள்ளி ஆண்டு விழா. கூடத்துக்கு வெள்ளையடித்துப் புது விளக்குகள் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் புது வெளிச்சத்தில், பருந்தின் இடது சிறகு வலது சிறகைவிட இரண்டடிக்கு மேல் நீளம் என்பது வாசலில் நிற்பவருக்கும் தெரிகிறது. அதை அறுத்துச் சமமாக்கத் தலைமையாசிரியர் அவர்கள் முடிவு செய்துள்ளார். வெள்ளையடித்த பெயின்டர் ஏணியில் ஏறி, எங்கே அறுப்பது என்று சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார். அட்டை வேலை தனக்குப் பழக்கமில்லை, பிய்ந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லி இறங்கியும்விட்டார். எனவே அறுக்கும் பணி, பகுதிநேர ஓவிய ஆசிரியை செல்வி பெலிண்டாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

3. அவர் மறுத்தார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விழாவுக்குள் அறுக்காவிட்டால் அடுத்த ஆண்டுப் பணி நீட்டிப்புக்குப் பரிந்துரை இராது என்று வாயால் மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர்தான். செல்வி பெலிண்டா என் வகுப்புத் தோழி. வலது சிறகு, அதாவது குட்டையானது, அவருடையது. மனு எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதாமல் இருக்க முடியவில்லை.

4. இடது சிறகு ஏன் நீளம் என்பது எந்தக் கோப்பிலும் இராது. எனவே இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வருடம் எங்களுக்கு ஓவியம் எடுத்தவர் திரு. தைரியராஜ். அவரும் பகுதிநேரம்தான். வாரத்தில் சில அரை நாட்கள். வையம்பட்டியிலிருந்து வந்து போவார். பாதி வகுப்பில் கடிகாரத்தைப் பார்ப்பார். பள்ளியில் இருந்த ஒரே அளவு டேப் அவருடையது. அது அவர் பையில் அவரோடு பஸ் ஏறிவிடும்.

பெரிதாக ஏதாவது செய்யலாம் என்று அவர்தான் தொடங்கினார். எவ்வளவு பெரிதாக என்று கேட்டோம். கையை விரித்துக் காட்டினார். போதாது என்று நினைத்தோ என்னவோ, நடந்து காட்டினார். கரும்பலகையிலிருந்து கதவு வரை நடந்தார்.

ஓவிய அறையின் பின்பக்க ஜன்னலில் கொள்ளிடத்து மணல் தெரியும். மணலுக்கு மேல் எப்போதும் இரண்டு மூன்று செம்பருந்துகள். அதனால் பருந்து. வேறு காரணம் இல்லை.

5. அவர் விதித்த சட்டம் ஒன்றுதான். திட்டம் முடியாமல் ஒரு அட்டையிலும் கத்தி படக் கூடாது. அட்டைகள் வந்து குவிந்தன. காந்தி மார்க்கெட்டிலிருந்து ஆப்பிள் பெட்டிகள். பிரிட்ஜ் வந்த ஆளுயர அட்டைகள். எலும்புக்கு, ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் நீளக் குழாய்கள். எல்லாம் சுவரோடு சாய்ந்து நின்றன. நாங்கள் படம் போட்டுக்கொண்டிருந்தோம். வாரக்கணக்கில் வெறும் படம். மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து. எந்தக் குழாய் எதற்குள் நுழையும், கயிறு எங்கே கட்டுவது. கை அரித்தது. ஒரு பெட்டியையாவது வெட்டவிடுங்கள் என்று கெஞ்சினோம். மாட்டேன் என்றார்.

கடைசியில் ஒரு சார்ட் பேப்பர். அதில் பருந்து. பருந்தின் மேல் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் எவ்வளவு பெரிதாக்குவது என்று அன்று மதியம் கேட்டோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ஒரு கட்டத்துக்கு ஒரு சாண்னு வச்சுக்குங்க" என்றார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

யாருடைய சாண் என்று யாரும் கேட்கவில்லை.

6. இடது சிறகு மாணவர்களுக்கு. வலது சிறகு மாணவிகளுக்கு. மாணவர்கள் சைக்கிள் ஷெட்டில் செய்தார்கள். நாங்கள் ஓவிய அறையில். சேர்ந்து உட்கார்ந்து செய்வது எங்கள் பள்ளியில் வழக்கமில்லை. வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஊளையிடுவார்கள்.

அங்கே எல்லாவற்றையும் அளந்தது ஜெகபர் சாதிக்கின் கை. இங்கே பெலிண்டாவின் கை.

ஐயா, அந்த மழை மாதங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மைதா பசை காய்ச்சும் வாசனை. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் போட்ட மயில்துத்தம், விரல் நுனியில் நீலமாக நின்றது. அந்த விரலால் சோறு சாப்பிடாதே என்று ஒருத்தியை ஒருத்தி மிரட்டிக்கொண்டோம். ஆக்சா பிளேடில் சைக்கிள் டியூப் சுற்றிய கத்தி. அட்டைக்குள் ஓடும் வரிகளின் போக்கில் மடித்தால் மடங்கும், குறுக்கே மடித்தால் உடையும். அதைத் தெரிந்துகொள்ள நிறைய உடைத்தோம். நிறம், ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்ஸைடு. கழுத்துக்குச் சுண்ணாம்பு. எம்.ஏ. வரை படித்தேன். ஒரு பொருளை முழுதாகத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல அந்த அட்டைதான் இருக்கிறது.

7. இரண்டு சிறகுகளும் முதன்முதலில் ஒன்றையொன்று பார்த்தது கூடத்துத் தரையில், உடலில் பொருத்திய அன்று. தனித்தனியே இரண்டும் குறையில்லாதவை. சேர்த்ததும் கூடம் சிரித்தது.

சாதிக் குனிந்து பெலிண்டாவின் கையைப் பார்த்துவிட்டு, "இது சாணா? எங்க வீட்டுப் பூனைக்கு இதைவிடப் பெரிசு" என்றான். "உன்னை யாரு யானைக் காலால அளக்கச் சொன்னா" என்றாள் அவள். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். இருவர் உள்ளங்கையையும் ஒட்டிவைத்துப் பார் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். வைக்கவில்லை. சிரிப்பு வேறு மாதிரி ஆனது.

தைரியராஜ் சார் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்தார். அளந்தார். பிளேடைக் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. அப்போது சாதிக் சொன்னது இது. அவன் வகுப்பில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தினமும் நிற்க வைக்கப்படுபவன்.

"சார், அது திரும்புறப்ப ஒரு றெக்கை நீளமாத்தான் சார் தெரியும். சாய்ச்சுக் கட்டுங்க."

சாய்த்துக் கட்டினோம். இடது பக்கக் கம்பியை இறக்கி, வலது பக்கக் கம்பியை ஏற்றி. கீழே வந்து நின்று பார்த்தோம். பருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அன்று தைரியராஜ் சார் மதிய பஸ்ஸை விட்டுவிட்டார்.

மறுநாள் பக்கத்துத் தெருப் பெரியவர்கள் சிலர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்களுக்குள் அதன் பெயர் கோணக் கருடன். பிரேயரில் தலையைக் குனியச் சொன்னால் நிமிர்ந்து அதைப் பார்ப்போம். அதற்காக அடியும் வாங்கினோம்.

8. தலைமையாசிரியர் அவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மழையில் கூடம் ஒழுகியபோது, சொந்தச் செலவில் தார்ப்பாய் வாங்கிப் பருந்தின் மேல் போட்டவர் அவர்தான். அவருக்கும் அது பிடிக்கும். பிடிப்பதால்தான் திருத்த நினைக்கிறார் என்று தோன்றுகிறது.

நேரில் பார்த்தேன். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் சமமா இருந்தா என்ன தப்பு? வர்றவங்க, இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு அளக்கக்கூடத் தெரியலைன்னுதானே நினைப்பாங்க?" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பதில், சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கும்போதுதான் வந்தது. அதைக் கீழே எழுதுகிறேன்.

9. (அ) சாய்த்துக் கட்டியபோது எடை சமமாக வேண்டும் என்று, வலது சிறகின் நுனிக்குள் அட்டையை மடித்து மடித்துத் திணித்திருக்கிறோம். வெளியே தெரியாது. இடது சிறகை இப்போது அறுத்தால் வலது பக்கம் கனக்கும். பருந்து மறுபக்கம் கவிழும். கீழே பிள்ளைகள் உட்காருவார்கள்.

(ஆ) இரண்டு சிறகுக்கும் எலும்பு, உடலில் பொருத்தும்போது குறுக்கே செருகிய ஒரே நீளக் குழாய். கோடு போட்ட இடத்தில் அது பிளந்தால் உடல்வரை பிளக்கும்.

(இ) எங்களுக்கு அளக்கத் தெரியும். இரண்டு கைகளால் அளந்தோம். அவ்வளவுதான்.

10. செல்வி பெலிண்டா கீழ்ப்படியாதவர் என்று குறிப்பாணை கூறுகிறது. அவர் தலைமையாசிரியரிடம் சொன்னதை, உடனிருந்தவர்கள் சொல்லக் கேட்டு அப்படியே தருகிறேன். "குட்டையா இருக்குறது என்னோட றெக்கை சார். அதைப் பிரிச்சு நீளமாக் கட்டச் சொல்லுங்க, லீவு நாள்ல வந்து கட்டுறேன். அவனோடதை அறுக்க மாட்டேன்."

இதில் கீழ்ப்படியாமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தன் வேலையை மாற்றத் தயார், அடுத்தவர் வேலையில் கை வைக்கத் தயாரில்லை என்கிறார். ஓவிய வகுப்பில் இதைவிட வேறு என்ன கற்றுக்கொடுப்பது என்றும் தெரியவில்லை.

11. திரு. ஜெகபர் சாதிக் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். இப்போது காந்தி மார்க்கெட்டில் இருக்கிறார். செய்தியைச் சொல்ல அழைத்தேன். சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டார். "அட்டைதானே வேணி. அறுத்துட்டுப் போகட்டும். பெலிண்டாவை வேலையைப் பாக்கச் சொல்லு" என்றார். வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் அவரே அழைத்தார். சத்தமில்லாத இடத்துக்கு வந்திருந்தார்.

"கோடு எந்த இடத்துல போட்டிருக்காங்க?"

மூன்றாவது வரிசை இறகு என்றேன். பிறகு, அந்த வரிசையை மழையில் நனையாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி எடுத்து வந்ததையும், அதற்கு உடற்கல்வி ஆசிரியரிடம் அறை வாங்கியதையும் சொன்னார். நான் கேள்விப்படாதது. அந்தப் பள்ளியில் தனக்கு யாரும் எதற்கும் கைதட்டியதில்லை, சாய்த்துக் கட்டிய அன்று தவிர என்றார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனுவில் தன் பெயரைப் போட வேண்டுமா என்று கேட்டேன். போடு என்றார்.

12. எனவே ஐயா, தாங்கள் ஒருமுறை கூடத்துக்கு நேரில் வந்து, வாசலில் அல்ல, நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்தபின், இடது சிறகை அறுக்கும் ஏற்பாட்டை நிறுத்தி உத்தரவிட வேண்டும். செல்வி பெலிண்டா மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெறச் செய்து, அவர் பணி நீட்டிப்புக்கு இது தடையாகாமல் காக்க வேண்டும். விழா நெருங்குவதால் விரைந்து முடிவெடுக்கப் பணிந்து வேண்டுகிறேன்.

13. அது என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அட்டை. பசை உதிர்கிறது. வாலில் இரண்டு இறகு ஏற்கெனவே இல்லை. ஒரு நாள் தானாகவே கீழே வந்துவிடும். வந்தால் கூட்டி ஓரமாகக் குவித்து வைத்துவிட்டு, இணைப்பில் உள்ள எண்களில் எந்த எண்ணுக்காவது ஒரு வார்த்தை சொல்லப் பள்ளிக்கு அறிவுறுத்த வேண்டும். சாதிக்கிடம் லோடு ஆட்டோ இருக்கிறது. நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 21.01.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
வீ. வேணி
(வால்)

(ஒப்பம்)
ஜெ. ஜெகபர் சாதிக்
(இடது சிறகு)

இணைப்பு: கூடத்தின் நடுவிலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்று, கைபேசி எண்கள்.

நகல்: தலைமையாசிரியர் அவர்கள், தகவலுக்காக. தார்ப்பாய்க்கு நன்றியுடன்.