நீ பிரிக்காமல் வைத்துவிட்டுப் போன டெலஸ்கோப்

என் ஒரே தங்கச்சி சுகுணாவுக்கு,

உன் டெலஸ்கோப் பெட்டியைப் போன சனிக்கிழமை பிரித்துவிட்டோம். ‘விட்டோம்’ என்று எழுதவே கை கூசுகிறது. உன் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து செய்த முதல் காரியம் உன்னுடைய கருமாதி. இரண்டாவது இது.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். எனக்கு மறதி கிடையாது. எனக்குக் கீழே இருந்தவரைப் பிரின்ஸ்பால் ஆக்கிய கல்லூரியில், இன்றைக்கும் அவர் அறையைத் தாண்டும்போது எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். என்னைக் கேட்காமல் உனக்கு மாப்பிள்ளை பார்த்த நைனாவோடு கடைசிவரை சரியாகப் பேசவில்லை. நாராயணவனத்தில் உனக்குத் தாலி கட்டிய நேரத்தில், சித்தூரில் என் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாம் வருந்தி எழுதுகிற கடிதம் இல்லை இது. என் மனத்தாங்கல் உன்மேல்தான்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் நீ போன் செய்தாய்.

“ண்ணா, டெலஸ்கோப் ஒண்ணு வாங்கியிருக்கேன். பிரிக்காம அப்டியே வச்சிகினு இருக்கேன். நீ வந்தாத்தான் பிரிப்பேன்.”

“நிலாவப் பாக்க எங்க வீட்டு மாடி போதும் போ.”

“மாடியிலேர்ந்து நிலா தெரியும். நான் தெரிவனா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் உன் வயிற்றுக்குள் கட்டி இருந்தது. உனக்கும் தெரியும், உன் வீட்டுக்காரருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பொங்கல் கழித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது நீ கண் திறக்கிற நிலையில் இல்லை. மறைத்தது அந்த ஆள்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். நெல்லூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தன் அம்மா வீட்டோடு போகிறாராம். “பெட்டி அப்டியே இருக்கு பாவா. அண்ணன் இல்லாம பிரிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா. நீங்க வந்தா நல்லா இருக்கும்” என்றார். மச்சான் முறை வைத்துத் தெலுங்கில் ‘பாவா’ என்று கூப்பிடுவதை அவர் இன்னும் விடவில்லை. அதை வைத்தே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்ற ஒரே கேள்வி.

திருப்பதியில் கபிலதீர்த்தம் பக்கத்து உன் வீட்டு மாடிக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறினேன். வடக்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. கொடியில் உன் துப்பட்டா ஒன்று இன்னும் கிடந்தது. உன் வீட்டுக்காரர் அதை எடுக்காமலே கொடியை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். பகல் வெயிலின் சூடு தரையை விட்டு இறங்கவில்லை. முக்காலியை விரித்து வைத்தோம்.

சாதாரணத் தாங்கியாக வாங்கியிருக்கக் கூடாதா நீ? இது ஈக்வடோரியல் மவுண்ட். ஒரு அச்சை வானத்தின் வடதுருவத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டால், பிறகு ஒரே திருகைத் திருப்பிக்கொண்டு நகர்கிற நட்சத்திரத்தின் பின்னாலேயே போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட வந்த புத்தகத்துப் படத்தில் அச்சு நன்றாக நிமிர்ந்து நிற்கிறது, குளிர்நாட்டுக்காரர்களுக்காகப் போட்ட படம். திருப்பதிக்கு அதைப் பதின்மூன்றரை டிகிரிக்குப் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைத்தால் எடைக்கல் தொங்குகிற கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது. கால்களைத் திருப்பித் திருப்பி வைத்து ஒருவழியாக இடிக்காத இடம் கண்டுபிடித்தோம். அதுவரை இரண்டு பேரும் “பிடிங்க”, “விடுங்க” தவிர வேறு பேசவில்லை.

இருட்டியதும் துருவ நட்சத்திரத்தைத் தேடினோம். மலை உச்சிக்குச் சற்று மேலே அசையாமல் ஒன்று மின்னியது.

“அதான்” என்றேன்.

“அது லைட்டு பாவா.”

“லைட்டா? தாழ இருக்கும், நகராதுன்னு தெளிவாப் போட்டிருக்கான். பாருங்க, நகருதா?”

“லைட்டும் நகராது பாவா.”

“நான் காலேஜில பாடம் நடத்தறவன்.”

“எகனாமிக்ஸ்தானே பாவா?”

உன்னிடம் பழகிய வாய். நான் பிடிவாதமாக அச்சை அதற்கு நேரே திருப்பி, குழாயையும் திருப்பி, கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு விளக்குக் கம்பம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்பிவேலிகூடத் தெரிந்தது. நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்காக அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

“துருவம் மலைக்குப் பின்னால இருக்கு பாவா. இந்த மாடியில நின்னா தெரியாது. பாத்தே ஆகணும்னும் இல்ல. அந்தப் பக்கம் திருப்பி வச்சிட்டாப் போதும்” என்று போனில் திசைகாட்டியைத் திறந்து தரையில் வைத்தார். அதில் பார்த்து வடக்கே திருப்பினோம். அவ்வளவுதான்.

“எதப் பாக்கறது?” என்றேன். நிலா இல்லாத நாள்.

“அருந்ததி” என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். நாராயணவனத்தில் பட்டப்பகலில், கண் கூசும் வெயிலில், ஐயர் வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்று கேட்டாராம். எல்லா மாப்பிள்ளையும் சொல்வதுபோல இவரும் தெரிகிறது என்றாராம். நீ மட்டும், “எனக்குத் தெரியல சாமி, சாயந்தரமா வரட்டா?” என்றாயாம். மேளக்காரர்கூட வாசிப்பை விட்டுவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் இல்லாமல் போனவன் நான் ஒருவன்.

வடகிழக்கில், மலைக்கு நன்றாக மேலே, சப்தரிஷி மண்டலம் ஏறியிருந்தது. வாலில் உள்ள மூன்றில் நடுவில் இருப்பது வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. அவர் கண்ணை வைத்தார். நட்சத்திரம் வட்டத்தை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்று திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக, “கனபடிந்தி சுகுணா” என்றார். தெரிந்தது என்று.

நானும் பார்த்தேன். வசிஷ்டர் ஒருவர் இல்லை, நெருக்கமாக இரண்டு பேர். அருந்ததி விலகி, தனியாக. அழகுதான். நீ பார்க்காத அழகு எனக்கு எதற்கு?

கேட்க வந்ததை அப்போது கேட்டேன். “ஏன் எனக்குச் சொல்லல?”

அவர் டெலஸ்கோப் கண்ணாடிக்கு மூடியைப் போட்டார்.

“நான் நாலு தடவ போனைக் கையில எடுத்தேன் பாவா. அவதான் புடுங்கி வச்சா. நோவுன்னு சொன்னா அண்ணன் ஓடி வந்துடும், அது எனக்கு வேணாம், ஒண்ணும் இல்லாம சும்மா ஒரு தடவ வரட்டும்னா. அதுக்குத்தான் இத வாங்கினா.”

இது நியாயமா சுகுணா? ஒரு வார்த்தை நோய் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரியே வந்திருப்பேன். டெலஸ்கோப் பார்க்க வா என்றால் யார் வருவார்கள்? என்னைச் சோதித்துப் பார்க்க உனக்கு அந்த நேரம்தான் கிடைத்ததா? சோதனை என்று சொல்லாமலே சோதித்தால் எதிரில் இருப்பவன் என்ன செய்வான்? இத்தனை நாள் அந்த மனிதர்மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகு, “நீங்க எடுத்துக்கினு போங்க பாவா, உங்களுக்குன்னு வாங்கினதுதான்” என்றார்.

“வேணாம், நெல்லூருக்கே எடுத்துக்கினு போங்க. நான் அங்க வரேன்.”

“எப்ப பாவா? ஏதாவது வேல இருக்கா அங்க?”

“ஒரு வேலையும் இல்ல.”

நெல்லூர் வெக்கை எனக்கு ஆகாது. உன் மாமியார் என்னை உட்காரச் சொல்வாரா என்பதே சந்தேகம். உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே, அதற்கு இன்னும் நாள் ஆகும். ஆனாலும் மழைக்கு முன்னால் ஒரு தடவை போவேன். எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு ஒரு காரணத்தையும் கையில் வைத்துக்கொள்ளாமல் போவேன்.

கோபம் தீராத,
உன் அண்ணன்