மிசாவோவுக்கு ஈடாக நாலு உருளை

அக்டோபர் 4
இன்று கணவாய் மீன் ஏராளம். அறுத்து, குடல் எடுத்து, கம்பியில் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அலமாரி காலி. மிசாவோ இல்லை! கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாகம் பாகமாகச் சேர்த்த என் படக்கதை. அந்த இடத்தில் நாலு கழிவறைக் காகித உருளை.

பழைய காகித வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வந்ததாம். என் வீட்டுக்காரர் கன்சுகே செய்தித்தாளோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, பழைய காகிதத்துக்கு ஈடாக அவன் தரும் உருளையை வாங்கி வைத்திருக்கிறார்.

"அம்பது வயசுப் பொம்பளைக்குப் படக்கதை எதுக்குடி? இதுன்னா தெனமும் உதவும்ல?"

உதவும்ல! வாயைப் பார்.

மிசாவோ யார் தெரியுமா இவருக்கு? புயலிலும் நீரிணையில் படகு விடுகிறவள். அதைச் சினிமாவாக எடுத்தவர்களும் இவர் மாதிரிதான். அவளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்து, படகை விற்க வைத்துவிட்டார்கள். பாதியில் எழுந்து வந்தேன். வழியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான், உள்ளே தேன் மாதிரி... சரி, அது எதற்கு இப்போது. 

அக்டோபர் 5
 உருளைகளை அலமாரியின் அதே தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தேன். தினமும் பார்க்கட்டும். கடைசிப் பாகம் மட்டும் தலையணைக்கு அடியில் இருந்ததால் தப்பித்தது. அது அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 11
கணவாய் காயப்போடும் களத்தில் இரண்டு படகுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிசாவோ அவனைக் கரையிலயே விட்டுட்டுப் போயிருக்கணும்டா!"

"போடா, புயல்ல விட்டுட்டுப் போவாளா அவ?"

கத்தியைக் கீழே போட்டேன். எங்கேடா படிச்சீங்க? ஒகியேயின் நூடுல்ஸ் கடையிலாம். காகித வண்டிக்காரன் சாப்பிடுவது அங்கேதான். நல்ல புத்தகக் கட்டு கிடைத்தால், வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அவளிடம் போட்டுவிட்டுப் போவானாம். கணவாய் மைக் கையோடு அப்படியே போனேன்.

"ஐயோ அக்கா, உங்களோடதா? எனக்குத் தெரியாதே!" என்றாள் ஒகியே.

ஒரு கிழவர் ஏழாம் பாகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இன்னும் நாலு பக்கம்தான் தாயி!" விரலெல்லாம் குழம்பு எண்ணெய். என் மிசாவோ மேல்!

மூலையில் ஒருவர், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு ஒன்பதாம் பாகத்தில் மூழ்கியிருந்தார். முன்னால் கிண்ணத்தில் நூடுல்ஸ் ஊதிப்போய்க் கிடந்தது. சூடு ஆறுவதற்குள் உறிஞ்சி முடிக்காவிட்டால் சமைத்தவளுக்கு அவமானம் என்று என்னிடம் முப்பது வருடமாகப் பாடம் நடத்தும் மனுஷன். கன்சுகே!

"நூடுல்ஸ் ஊறிப்போச்சு," என்றேன்.

தலையே நிமிரவில்லை. "சும்மா இருடி. படகு கவுறப் போகுது."

சும்மா இருக்கணுமாம். நான்!

அக்டோபர் 14
எல்லாப் பாகத்தையும் அவரே முதுகில் சுமந்து கொண்டுவந்தார். ஒன்பதாவதில் சோயா கறை. கேட்டால், "அது கறையில்ல, கடல்தண்ணி" என்கிறார். வெட்கம் கெட்டவர்.

"கடைசிப் பாகம் எங்கடி?"

"என்னைக் கேட்டா? வண்டிக்காரன்கிட்ட கேளுங்க. உருளையைத் திருப்பிக் குடுத்துட்டுக் கேளுங்க."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். மத்தியானம் ஒலிபெருக்கி கேட்டதும் நாலு உருளையையும் அணைத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடுகிறார்! வண்டிக்காரன் சிரித்தானாம். "அண்ணே, உருளையைக் குடுத்துக் கதை வாங்குற முதல் ஆளு நீங்கதான். எங்கிட்ட இல்ல."

உருளைகளோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தவர், தரையைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நான் குப்பைன்னு நெனச்சுட்டேன்."

தலையணைக்கு அடியில் இருப்பதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகட்டும்.

அக்டோபர் 15
விடிந்ததும் தலையணைக்கு அடியில் கையை விட்டேன். கடைசிப் பாகம் இல்லை. திருடன்!

கழிவறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அலமாரியிலிருந்து ஓர் உருளையை எடுத்து, பிரித்து, கதவருகே வைத்துவிட்டுக் களத்துக்குக் கிளம்பினேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும்.