தொண்ணூற்றிரண்டா, எண்பத்திரண்டா

மார்ச் 3

கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலத்தடி சிக்னலில் வண்டி கொதித்துவிட்டது. பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியதும் பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு இறங்கி வந்து தள்ளினார். நல்ல மனுஷன். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குத் திரும்பினோம். இவருடைய பரிசோதனை இந்த மாதமும் போயிற்று. போன மாதம் இவருக்குத் தலைவலி.

எங்கள் வண்டியில் ஓர் ஏற்பாடு உண்டு. ரேடியேட்டர் விசிறியைத் தானாக ஓடவிடும் சுவிட்ச் செத்து ரொம்ப நாளாகிறது. அப்போது சாமான் கிடைக்கவில்லை என்று மெக்கானிக் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கைச்சுவிட்சை வைத்துக் கொடுத்தார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டினால் போட வேண்டும், இறங்கினால் அணைக்க வேண்டும். கண்ணழுத்தத்தில் இவருக்கு வலது கண் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். முள்ளும் சுவிட்சும் பக்கத்து சீட்டில் இருக்கிற இவர் பொறுப்பு. "நீ ரோட்டைப் பாரு, முள்ளை நான் பாத்துக்கறேன்." ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்.

இன்றைக்கு முள் ஏறவே இல்லை என்கிறார். நான் பார்த்தபோது சிவப்பில் நின்றது என்றேன். "அது அப்புறமா ஏறியிருக்கும்" என்றார்.

மார்ச் 5

மெக்கானிக் வந்து பார்த்தார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பதால் எங்கள் வீட்டில் அவர் பெயரே ஆகட்டும். எஞ்சினுக்குச் சேதமில்லையாம். கைச்சுவிட்ச் இனி வேண்டாம், ஒழுங்காக ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்சைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

"ஆகட்டும். சாமான் நீங்களே வாங்கி வெச்சிடுங்க. ஆனா டிகிரி பாத்து வாங்கணும்."

வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரலாம் என்று இவரிடம் சொன்னேன். சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது எதற்கு என்றார். சுவிட்ச் போட்டதும் போகலாமாம். டாக்டர் போன தடவையே தெளிவாகச் சொன்னார்: இடது கண்ணை மாதாமாதம் பார்க்காவிட்டால் வலதுக்கு ஆனதுதான் இதற்கும். இவருக்கு அது காதில் விழவில்லையா, விழுந்தும் இல்லாத மாதிரி இருக்கிறாரா?

மார்ச் 8

உதிரிபாகக் கடை. எங்கள் ரேடியேட்டருக்குப் பொருந்துகிற மாதிரி மூன்று எடுத்து வைத்தார் கடைக்காரர். பார்க்க மூன்றும் ஒரே அச்சு. பித்தளை உடம்பு, இரண்டு கால், தலையில் பொறித்த எண்தான் வேறு. ஒன்று 82-ல் விசிறியைப் போட்டு 77-ல் அணைக்கும். ஒன்று 92, 87. இன்னொன்று 100, 95.

"நூறு வேண்டாம்கா, உங்க ரேடியேட்டர் வயசுக்குத் தாங்காது. எண்பத்திரண்டு போட்டா ஃபேன் நிக்கவே நிக்காது, வால்வு திறந்து தண்ணி சுத்தறதே எண்பத்தேழுலதான். தொண்ணூத்திரண்டு எடுத்துட்டுப் போங்க."

பால் நிலையத்து ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் வெப்பமானியோடு மாரடிக்கிறவள் நான். காரணம் சரியாகத்தான் பட்டது. 92 வாங்கி வந்தேன்.

மார்ச் 9

இவருக்கு 92 பிடிக்கவில்லை. பழைய எஞ்சினுக்கு அது ரொம்ப லேட்டாம். 82தான் வேண்டுமாம்.

மார்ச் 12

மாற்றிக்கொண்டு வந்தேன். சுவிட்சை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஃபேன் ஓடிக்கிட்டே இருக்குமே, பேட்டரி என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

அதைத்தானே கடைக்காரர் முதலிலேயே சொன்னார். அதைத்தானே நானும் வந்து சொன்னேன். என் வாயில் வந்தால் அது பேச்சில்லை.

மார்ச் 15

மறுபடி கடை. மறுபடி 92. கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, சார் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறாரு. பஜ்ஜி சொஜ்ஜி ஒண்ணுதான் பாக்கி."

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. எண் பொறித்திருப்பதை எப்படி நம்புவது என்கிறார். போலி சாமான் எத்தனை வருகிறது, இன்னும் இரண்டு கடை விசாரிக்கலாமே என்கிறார். இந்த மனிதர் எங்கள் கல்யாணத்துக்குக்கூட இத்தனை விசாரித்திருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வண்டி ரிப்பேர் என்றேன். அந்தப் பெண், "அவருக்குக் கண் சொட்டு மருந்தாவது விடறீங்களா?" என்று கேட்டாள்.

மார்ச் 16

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 18

எனக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. எண்ணை நம்பாதே என்பது என் தொழிலிலும் பால பாடம். எங்கள் நிலையத்துத் தொட்டியில் உள்ள மீட்டர் வருடக்கணக்காக இரண்டு டிகிரி பொய் சொல்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் குப்பை கொட்டுகிறோம். சந்தேகம் என்றால் சோதித்துவிட வேண்டியதுதான். சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு நல்ல வெப்பமானியைக் கொண்டுவந்திருக்கிறேன். நாளைக்கு லீவு.

மார்ச் 19

காலையில் சமையலறையில் சோதனை. பாத்திரத்தில் தண்ணீர். சுவிட்சின் பித்தளை பாகம் மட்டும் முங்கும்படி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். மேலே இருக்கிற இரண்டு காலிலிருந்து ஒயர், ஒயரில் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு. சூடு வந்ததும் சுவிட்ச் உள்ளே சேர்ந்துகொண்டால் பல்பு எரிய வேண்டும். அவ்வளவுதான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம், வண்டியில் மாதிரியே. வெப்பமானி எனக்கு. பல்பு இவருக்கு. சாப்பாட்டு மேஜையில் இவர் முன்னால் பல்பை வைத்தேன். "எரிஞ்சதும் சொல்லுங்க."

எண்பது. எண்பத்தைந்து. நான் பாதரசத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. சத்தமில்லை. தொண்ணூற்றைந்து. சரி, போலிதான் போலிருக்கிறது, இவர் சொன்னதே சரி என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

இவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னும் வரல. நான்தான் சொன்னேனே, இந்த சுவிட்சும் வேலைக்காகாது."

அடுப்பை அணைத்தேன். தண்ணீர் ஆற ஆற, எண்பத்தேழில் பல்பு அணைந்தது. துல்லியமான சுவிட்ச். "என்ன ஆச்சு?" என்றார். பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போனேன்.

மார்ச் 19, மத்தியானம்

மேஜைமேல ஒரு முழம் தள்ளி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல் வெளிச்சம் அடிச்சிருக்குமோ? பகல்ல டார்ச் பல்பு என்ன பெரிசா தெரியும்? இல்ல, எனக்குத் தெரிஞ்சுதே. கண்ணாடி போடாமலே தெரிஞ்சுதே.

அப்போ முள்ளு?

சிக்னல்ல முள்ளு ஏறவே இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரே. முள்ளு ஏறுச்சு. இவருக்குத் தெரியல. எத்தனை நாளா தெரியல? எண்பத்திரண்டு வேணும், தொண்ணூத்திரண்டு வேணும்னு என்னைக் கடைக்கும் வீட்டுக்கும் நடையா நடக்க விட்டதெல்லாம் — சுவிட்ச் வந்துட்டா ஆஸ்பத்திரிக்குப் போகணுமேன்னுதான். பாவி மனுஷா. கண்ணு உங்களோடது. அதுக்கு நானா நாயா அலையணும்?

கோபமா இருக்கு. பயமாவும் இருக்கு. எது முன்னாடி வந்ததுன்னு தெரியல.

மார்ச் 20

கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "நேத்து பல்பு எரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலையா?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ அப்பவே கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"முள்ளு எப்போலேருந்து தெரியல?"

"முதல்ல ஆடற மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் கோடு மாதிரி. அப்புறம் அதுவும் இல்ல. எந்த சிக்னல்ல சூடு ஏறும்னு எனக்கு அத்துப்படி. கணக்குல போடுவேன், கணக்குல அணைப்பேன். அன்னிக்கு பாலத்தடியில அவ்வளவு நேரம் நிப்பாட்டுவான்னு யாருக்குத் தெரியும்?"

இத்தனை நாளும் இவர் கணக்கை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன்.

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் வாயால கேட்டுட்டா அது நிஜமாயிடும்ல."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. காபி போட்டேன். இவர் டம்ளரைத் தேடுவதற்கு முன்னால் கையில் கொடுத்தேன். அதற்கும் கோபித்துக்கொண்டார்.

மார்ச் 21

ஆகட்டும் வந்து 92-ஐப் பொருத்தினார். வண்டியை நின்றபடி ஓடவிட்டுக் காத்திருந்தோம். விசிறி தானாகச் சுழன்றது, தானாக நின்றது. ஒரு சின்னச் சாமான்.

"கைச்சுவிட்சைக் கழட்டிடவா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "இருக்கட்டும்" என்றார்.

"ஆகட்டும்."

மார்ச் 24

ஆஸ்பத்திரி. சோதனைப் பலகையின் பெரிய எழுத்தைக்கூடக் கடைக்கண்ணால்தான் பிடிக்கிறார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"போனது போனதுதான். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். ஆபரேஷன் பண்ணி அழுத்தத்தைக் குறைக்கணும், தள்ளிப்போட வேண்டாம்."

"மிச்சம் எவ்வளவு டாக்டர்?" என்று இவர் கேட்டார். முதல் தடவையாக இவரே கேட்டார்.

"நடமாடறதுக்குப் போதும். இவங்க முகத்துக்கும் போதும், கிட்ட வந்தா."

வெளியே வந்ததும், "அப்போ நீ கிட்ட வரணும்" என்றார். முப்பது வருடத்தில் இவர் பேசிய அதிகபட்சக் காதல் வசனம் இதுதான். வாகன நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு அழுதேன், அப்புறம் சாவியைத் தேடினேன்.

ஏப்ரல் 2

ஆபரேஷன் முடிந்தது. அழுத்தம் இறங்கியிருக்கிறது. இனி குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. எப்போது தூக்கினார்?

ஏப்ரல் 11

கட்டெல்லாம் பிரித்த பிறகு முதல் பரிசோதனை. இருக்கிறது அப்படியே இருக்கிறது, குறையவில்லை என்றார் டாக்டர்.

திரும்பும்போது அதே பாலத்தடி சிக்னல், அதே நெரிசல். இவர் கை பழக்கத்தில் டாஷ்போர்டுக்குக் கீழே போய்க் கைச்சுவிட்சைத் தொட்டது. போடவில்லை. அதன்மேல் விரலை வைத்தபடி இருந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

முன்னால் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முள்ளு எங்க இருக்கு?" என்று கேட்டார், மணி என்ன என்று கேட்பதுபோல. "எனக்குத் தெரியல."

"பாதியைத் தாண்டியிருக்கு," என்றேன். "இறங்குது."

"இறங்க இறங்கச் சொல்லு."

பச்சை விழுந்தது. பாலத்தைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.