நான் திருத்திய உன் கதை

போனில் அந்த எழுத்துக் குழுவில் நாம் சேர்ந்த அன்று என் சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், நீ, உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா. வேறு யாரும் இல்லை. இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன், போன் அதிர்ந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் குழு நடத்துகிறவர்கள் அனுப்பும் அதே வரவேற்பு: "தயங்காமல் எழுதுங்கள். இங்கே எல்லோரும் நண்பர்கள்." அன்றைக்கு நீ அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாய். இன்று ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் எழுதப் பழகினேன். ஒரு நாள் தவறாமல் நோட்டில் குறித்து வைப்பேன். அட்டமிக்கு உபவாசம் இருந்தேனா, மழை வந்ததா, யார் வந்தார்கள், ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் உன் வீட்டில் எப்போது அடி விழுந்தது, எவ்வளவு நேரம் விழுந்தது. எழுதினேனே தவிர ஒருநாளும் வந்து கதவைத் தட்டியதில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம் போகக் கூடாது என்பார் என் வீட்டுக்காரர். நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

நான் எறும்பைப் பார்த்து ஒதுக்கிவிட்டுக் கோலம் போடுவதைப் பார்த்து நீ ஒருநாள் சொன்னாய். "எறும்பா பொறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்கா. எனக்கும் வழி வுட்டிருப்ப." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் இடது கண் மூடிப்போய் வீங்கியிருந்தது.

குழுவில் உன் பேருக்குப் பதில் செம்பருத்தி என்று போட்டுக்கொண்டாய். நான் என் பேரையும் போட்டோவையும் போட்டேன்.

"உன் நோட்ட அப்பிடியே அதுல போடுக்கா. நாலு பேர் படிக்கட்டும்."

"மழ வந்துச்சு, பால்காரர் வந்தாருன்னு எழுதறது ஒரு எழுத்தாடி?"

"இன்னாக்கா இப்பிடிச் சொல்ற. பொய்யே இல்லாம எழுதற ஆளு இங்க நீ ஒருத்திதான்."

நான் ஒன்றும் போடவில்லை. நீ போட்டாய். ஒருத்தியை அவள் புருஷன் தண்ணீர்ப் பைப்பால் அடிக்கிற கதை. மழை நாள் என்று எழுதியிருந்தாய், மதுரை என்று எழுதியிருந்தாய், கருப்பு பைப் என்று எழுதியிருந்தாய். கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருவர் "அடி விழும் இடத்தில் இன்னும் கொஞ்சம் வலி வேண்டும் தோழி" என்று எழுதினார். நீ கிழிந்த உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பாத்தியாக்கா, இவங்களுக்குப் பத்தலயாம்."

இன்னொருவர் "அபாரமான கற்பனை" என்று போட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ வீட்டுக்குப் போன பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கதைக்குக் கீழே முதல்முறையாக எழுதினேன். "இது கற்பனை இல்லை. ஊர் மதுரை அல்ல, செஞ்சி. அன்று மழை இல்லை, அமாவாசைக்கு மறுநாள், நல்ல வெயில். பைப் கருப்பு அல்ல, பச்சை." பொய் கலந்தால் உன் வலியையும் பொய் என்பார்கள் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

என் போட்டோவை அடையாளம் தெரிந்த யாரோ அதைப் படம் எடுத்து உன் புருஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்தான். கதவைத் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. "எவனுக்குடி எழுதற? ஊர் சிரிக்க எழுதறியா?" பிறகு பைப் சத்தம் இல்லை. சுவரில் தலை மோதுகிற சத்தம். என் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த தீர்த்தங்கரர் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அதன் பிறகுதான் ஓடி வந்தேன். என் வீட்டுக்காரர் கடப்பாரையால் தாழை நெம்பினார். உள்ளே உன் முகம் எது என்று எனக்குத் தெரியவில்லை. பல் ஒன்று கதவடியில் கிடந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து அடுப்பு மேடை வரை போயிருந்தது. அவன் நெற்றி பிளந்து, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸ் வல்லம் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

பாப்பா தொண்டூரில் உன் அம்மாவோடு இருக்கிறாள். ஸ்கூலுக்குப் போகிறாள். கதவு சாத்தினால் மட்டும் அழுகிறாளாம்.

வரும் வெள்ளிக்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் நான் சாட்சி. உன் மாமியார் நேற்று வாசலில் வந்து நின்றாள். "கதை எழுதற பொம்பள கதையாதாம்மா எழுதியிருப்பா. நீ ஏன் கோர்ட்டுப் படி ஏறுற?" போகத்தான் போகிறேன் என்றேன். அந்தத் திருத்தத்தை எழுதியது நான்தான் என்பதையும் அங்கே சொல்வேன். அதைக் குழுவிலிருந்து இன்னும் அழிக்கவில்லை.

ஒன்றுதான் பாக்கி. உன் கதையின் கடைசியில் அந்தப் பெண் அம்மிக் குழவியைத் தூக்கி அவன் நெற்றியில் அடிக்கிறாள். அந்த வரியை மட்டும் நான் திருத்தவில்லை; அதைச் சரிபார்க்க என் நோட்டில் எதுவும் இல்லை. இப்போது அவன் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முதலில் அடித்தது நீ, முன்கூட்டியே திட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாய் என்கிறார். அவன் தடுக்கி விழுந்து அடிபட்டதாக போலீஸ் சொல்கிறது. நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு பூச்சியும் சாகக் கூடாதென்று தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிறவள் நான். பகவான் முன்னால் கண்ணை மூடினால் மந்திரம் வர மாட்டேன் என்கிறது. நீ அந்தக் குழவியை எடுத்திருக்க வேண்டும், அது நன்றாக விழுந்திருக்க வேண்டும், அவனுக்கு எலும்பு வரை வலித்திருக்க வேண்டும் என்றுதான் வருகிறது. அந்தப் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன்.

குழுவிலிருந்து உன் பேரை இன்னும் யாரும் நீக்கவில்லை. அதனால் இதை அங்கேயே என் முதல் எழுத்தாகப் போடுகிறேன். நீ அடித்தாயா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லு.