அவள் அடித்த மூன்று வரி

மார்ச் 4, சனி

பயிற்சி வகுப்பு இன்று தொடங்கியது. பல்கலைக்கழகமும் எங்களைப் போன்ற சங்கங்களும் சேர்ந்து ஆய்வு செய்யப் போகிறோமாம்; அதற்கு எங்களைத் தயார்படுத்துகிறார்கள். ஆறு சனிக்கிழமை. பேராசிரியை நல்ல மாதிரிதான். ஆனால் நாம் எல்லோரும் சமம் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறார். சமமானவர்களிடம் யாராவது அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? நாற்காலிகளை வட்டமாகப் போட்டதும் எங்கள் ஆட்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழித்தார்கள்.

முக்கியமான சேதி: கடைசியில் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக எடுப்பார்கள். நிரந்தர வேலை. வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத்தில் ஒன்பது வருடமாக நோட்டீஸ் கொடுத்து, மேசை துடைத்து, "அந்தப் பொண்ணக் கூப்பிடு" என்று கூப்பிடப்பட்டவள் நான். நாற்பத்தொரு வயதுப் பொண்ணு. இந்த வேலை எனக்கு வேண்டும்.

மார்ச் 11

எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, குழந்தைகள் காப்பகம் நடத்தும் மேடம். என் தங்கச்சி அவரிடம்தான் ஆயாவாக இருக்கிறாள். உங்கள் தங்கச்சி தொட்டால் அழுகிற குழந்தைகூடத் தூங்கிவிடும் என்றார். சிரித்து வைத்தேன். சின்ன வயதிலிருந்தே ஊர் உலகத்துக்கெல்லாம் அவள்தான் உசத்தி.

மார்ச் 18

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் பேசி, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. எழுதியதை அவரிடமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் எதை அடிக்கிறாரோ அதை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைப் பேராசிரியை மூன்று முறை சொன்னார்.

மற்றவர்கள் ஆளைத் தேடி அலைகிறார்கள். எனக்கு என்ன கவலை, என் ஆள் என் அறையிலேயே படுக்கிறாள்.

மார்ச் 21

தங்கச்சி பேசினாள். பதினாறு வயதில் வலிப்பு வந்தது, அப்போதிருந்து மாத்திரை, யாருக்கும் சொல்லாதது — எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். போன வருடம் காப்பகத்தில் நடந்தது மட்டும் தெரியாது.

ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வரப்போவது தெரிந்திருக்கிறது. குழந்தையைத் துண்டோடு தரையில் கிடத்திவிட்டுத் தானும் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள். நினைவு வந்தபோது குழந்தை அவள் மூக்கைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்ததாம். வாளியில் இடித்துப் புருவம் கிழிந்திருந்தது. சோப்பு வழுக்கிவிட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறாள்; என்னிடமும் அன்று அதையேதான் சொன்னாள். மேடமே கட்டுப் போட்டுவிட்டாராம்.

கேட்கும்போது, ஐயோ, அந்த நேரம் இவள் பக்கத்தில் யாருமில்லையே என்று தோன்றியது. அடுத்த நொடியே, இப்படி ஒன்று வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காது என்றும் தோன்றியது. இரண்டும்தான் தோன்றியது. பூசி மெழுக இது என்ன சங்கத்து ஆண்டறிக்கையா?

மார்ச் 23

எழுதியதைக் காட்டினேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். குளிப்பாட்டியபோது நடந்ததைப் பற்றி மூன்று வரி இருந்தது. அந்த மூன்றையும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள்.

"இது மட்டும் வேணாம்க்கா. மத்ததெல்லாம் நீ போட்டுக்கோ."

சரி என்றேன்.

மார்ச் 24

அந்த மூன்று வரி இல்லாமல் படித்தால் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. யாரோ ஒருத்தி மாத்திரை விழுங்குகிறாள், அவ்வளவுதான்.

பேராசிரியை மட்டும்தானே படிக்கப் போகிறார்? பெயர்தான் இல்லையே?

மார்ச் 25

அடிக்காத தாளைக் கொடுத்தேன். 'பேசியவரிடம் காட்டப்பட்டதா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்தேன். காட்டினேன்தானே.

ஏப்ரல் 1

வகுப்புக்கு முன்னால் பேராசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் தன்னுடைய மாணவர்கள்கூட இப்படி ஒன்றை எழுதியதில்லை என்றார். வகுப்பில் வாசிக்கலாமா, அந்தப் பெண் சம்மதிப்பாரா என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. உள்ளே மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையாட்டினேன்.

வாசித்தார். சோப்பு என்ற சொல் வந்ததும் மேடம் நிமிர்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு இது தெரியுமா?"

மிக முக்கியமான கேள்வி என்று பேராசிரியை பாராட்டி, அதைப் பலகையில் எழுதினார். அரைமணி நேரம் விவாதம் நடந்தது. நானும் இரண்டு கருத்து சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

ஏப்ரல் 3, திங்கள்

காலை பத்தரைக்கே வந்துவிட்டாள். காப்பகத்துக்குள்ளேயே விடவில்லையாம். வாசலில் வைத்து அவளுடைய மாற்றுப் புடவையையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேடம் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா உன்ன சமையல் பக்கம் மாத்தியிருப்பேன். நாப்பது பேரோட உக்காந்து பாடமா கேக்க வெச்சிட்டியே" என்றாராம். ஜன்னலிலிருந்து இரண்டு குழந்தைகள் இவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தனவாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் அடிச்சேனேக்கா."

தாள் மாறிப் போய்விட்டது என்றேன். அவள் பையிலிருந்த புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

ஏப்ரல் 5

மேடம் செய்ததில் என்ன தப்பு? குழந்தை கை நழுவித் தண்ணியில விழுந்திருந்தா? அப்போ நான் செஞ்சது ஒரு வகையில நல்லதுதானே — சே. யார்கிட்ட வாதாடிட்டு இருக்கே? குழந்தைக்காகவாடி செஞ்சே? சொல்லு. குழந்தைக்காகவா?

ஏப்ரல் 8

வேலை எனக்குத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். தங்கச்சி "நல்லது" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே.

மே 13

அடுத்த பிரிவினருக்கு நானே ஒரு வகுப்பு எடுத்தேன். எழுதியதைப் பேசியவரிடம் திருப்பிக் காட்டுவது பற்றி. அது உங்கள் சொத்து இல்லை, அவர் நம்பிக் கொடுத்தது என்று சொன்னபோது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்களுக்கு இது கை வந்த கலை என்று பேராசிரியை தோளில் தட்டினார்.

வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பிட்டியா? ம். மாத்திரை போட்டியா? ம். நான் அறைக்குள் நுழைந்தால் போனில் பேசிக்கொண்டிருப்பவள் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறாள். என் தாள்கள் இருக்கும் அலமாரிப் பக்கமே வருவதில்லை. சண்டை போட்டாலாவது பரவாயில்லை.

ஜூன் 6

அலுவலகத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். தங்கச்சி மாடிப்படியில் விழுந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெற்றியில் ஆறு தையல்.

இந்த மாதத்தில் எத்தனை தடவை வந்தது என்று டாக்டர் கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொன்னேன்: இதுதான் முதல் தடவை. இருபது வருடமாக அந்த அறையில் அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்று கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா கொஞ்சம் வெளிய இருக்கட்டும் டாக்டர். அப்புறம் சொல்றேன்."

எழுந்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நர்ஸ் கதவைச் சாத்தினார். உள்ளே அவள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.